டிஎன்ஏ என்னும் இழையின் இயற்பியல்: மாணவர் ஆய்வுத்திட்டங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கும்போது, சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக்கல்லூரி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஒரே வகையான கேள்விகளுடன் வருகிறார்கள். பல ஆண்டுகளாக மாணவர் ஆய்வுகளுக்கு உடனிருந்து உதவிவருபவன் என்ற முறையில், டிஎன்ஏவை இயற்பியல் நோக்கில் ஆராய விரும்பும் மாணவர்களுக்காக அக்கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிஎன்ஏ உயிரியல் பாடத்தில் வருவது. இயற்பியலுக்கு அதில் என்ன வேலை?

ஓர் ஓலைச்சுவடியைப் புலவர் கையில் கொடுத்தால் அதில் எழுதியிருக்கும் பாடலைப் படிப்பார். அதே சுவடியைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருப்பவரோ ஓலையின் நீளம் என்ன, எவ்வளவு வளைத்தால் முறியும், ஈரம் பட்டால் என்னவாகும் என்று பார்ப்பார். டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிப்பது உயிரியலாளரின் வேலை என்றால், அந்த எழுத்துகளைத் தாங்கும் இழையின் நீளம், விறைப்பு, மின்னூட்டம், முறுக்கு ஆகியவற்றை அளப்பது இயற்பியலாளரின் வேலை. இழையின் தடிமன் 2 நானோமீட்டர். டிஎன்ஏவின் எழுத்துகள் இரண்டிரண்டாக இணைந்தவையே கார இணைகள் (பேஸ் பேர்); அடுத்தடுத்த இரண்டு கார இணைகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.34 நானோமீட்டர். மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி கார இணைகள் இருப்பதால், அவற்றை ஒரே கோட்டில் நீட்டினால் 2 மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். அத்தனை நீள இழையும் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுடைய உட்கருவுக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியதும் நீங்கள் இயற்பியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

தொடங்குமுன் எந்த எண்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும்?

இரண்டு எண்கள் போதும். முதலாவது 50 நானோமீட்டர். ஆங்கிலத்தில் பெர்சிஸ்டன்ஸ் லெங்த் என்று அழைக்கப்படும் இதை நான் விறைப்பு நீளம் என்பேன். இழையில் ஓரிடத்தில் அது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை, அங்கிருந்து இவ்வளவு தொலைவு போகும்வரை ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு அப்பால் வெப்ப அசைவு அந்த நினைவை அழித்துவிடும். தடிமனைப்போல் 25 மடங்கு என்பதால், டிஎன்ஏவைத் தையல்நூலாகக் கற்பனை செய்வது தவறு. தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய்தான் அதற்குப் பொருத்தமான உவமை.

இரண்டாவது எண் 4.1 பைக்கோநியூட்டன் நானோமீட்டர். அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூற்றுக்கு இயல்பாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றலின் அளவு அது. இதனை 50 நானோமீட்டரால் வகுத்தால் 0.08 பைக்கோநியூட்டன் வரும். வெப்ப அசைவால் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டத் தேவைப்படும் விசை ஏறத்தாழ அவ்வளவுதான்.

பழத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது ஆய்வுத்திட்டமாகுமா?

பப்பாளியையோ ஸ்ட்ராபெரியையோ மசித்து, பாத்திரம் கழுவும் திரவமும் உப்பும் கலந்து, வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலை மெதுவாக ஊற்றினால் வெண்ணிறப் பஞ்சுபோன்ற பொருள் மேலெழும். அழகான காட்சிதான். ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் அது செய்முறை விளக்கம், ஆய்வு அன்று. மேலும், குவளையில் தெரிவது முழுக்க டிஎன்ஏ என்று எழுதுவதும் சரியன்று. பழத்தின் பெக்டினும் புரதமும் அதில் கணிசமாகக் கலந்திருக்கும்.

இதற்குள் ஓர் இயற்பியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. டிஎன்ஏவின் ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு எதிர்ம (நெகட்டிவ்) மின்னூட்டங்கள் உண்டு; ஆகவே இழைகள் ஒன்றையொன்று விலக்கும். மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையை ஒரு திரவம் எவ்வளவு தணிக்கும் என்பதைக் காட்டும் மின்கடவாப்பொருள் மாறிலி, தண்ணீருக்கு ஏறத்தாழ 80, எத்தனாலுக்கு 24. எத்தனால் கூடக்கூட, உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் இழையோடு நெருக்கமாக ஒட்டி விலக்கத்தைத் தணிக்கின்றன. இழைகள் ஒன்றுசேர்ந்து வீழ்படிகின்றன. உப்பின் அளவை மாற்றினால் வீழ்படிவு தொடங்கும் எத்தனால் விகிதம் நகர்கிறதா என்று கேட்டு, குறைந்தது 6 உப்புச் செறிவுகளில் அளந்தால் அது ஆய்வாகும். எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பு எரியும் சமையலறையில் இதனைச் செய்ய வேண்டாம்.

ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் புகழ்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை மாணவர்கள் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, அதற்கான செலவு ஒரு பந்துமுனைப் பேனாவின் விலைதான். 51ஆம் எண் படம் என்று அழைக்கப்படும் அந்த டிஎன்ஏ படம், 1952 மே மாதத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்க்ளினும் அவருடைய ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்தது. அதன் நடுவில் பெருக்கல் குறிபோல் புள்ளிகள் குறுக்காக அமைந்திருக்கும். பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள்வில்லைச் சற்று இழுத்து நிறுத்தி, லேசர் சுட்டியின் ஒளியை அதன்மீது பாய்ச்சினால், இருட்டறையின் எதிர்ச்சுவரில் அதே பெருக்கல் குறி தோன்றும். சுருள்வில்லைப் பக்கவாட்டில் பார்க்கும்போது அது வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்த இரண்டு தொகுதிக் கம்பிகளாகத் தெரிகிறது. ஒவ்வொரு தொகுதியும் தனக்குச் செங்குத்தான திசையில் ஒளியைச் சிதறடிக்கிறது. ஆகவே இரண்டு கைகள்.

இதில் அளக்க வேண்டியவை இரண்டு. சுருள்களுக்கு இடைப்பட்ட தொலைவு 1 மில்லிமீட்டர், சுவர் 5 மீட்டர் தொலைவில், லேசர் 650 நானோமீட்டர் என்றால், புள்ளிவரிகள் 3.25 மில்லிமீட்டர் இடைவெளியில் அமையும். இதைத் திருப்பிக் கணக்கிட்டுச் சுருள்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கண்டறிந்து, அளவுகோலால் நேரடியாக அளந்ததோடு ஒப்பிடலாம். பிறகு கைகளுக்கு இடைப்பட்ட கோணத்திலிருந்து சுருளின் ஆரத்தைக் கணக்கிடலாம். ஃபிராங்க்ளினின் படத்திலிருந்து டிஎன்ஏ ஒரு சுற்றுக்கு 3.4 நானோமீட்டர் ஏறுகிறது என்று தெரிந்ததும் இதே வழியில்தான்.

துணிந்த மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். அந்தப் படத்தில் நான்காவது புள்ளிவரி இல்லாமல் போயிருக்கும். காரணம், டிஎன்ஏவில் இரண்டு இழைகள், ஒன்றுக்கொன்று சுற்றளவின் எட்டில் மூன்று பங்கு விலகி ஓடுகின்றன. நான்காம் வரியில் அவற்றின் சிதறல்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரே மாதிரியான இரண்டு சுருள்வில்களை ஒன்றுக்குள் ஒன்று திருகி அந்த விலகலை அமைத்துப் பாருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுருள்வில் பளபளப்பானது, லேசர் ஒளி எதிர்பாராத திசையில் தெறிக்கும். 1 மில்லிவாட்டுக்குக் குறைந்த சுட்டியையே பயன்படுத்துங்கள், கண்மட்டத்தில் அமைக்காதீர்கள்.

ஆய்வுக்கூடம் இல்லாமல் செய்யக்கூடியவற்றில் உங்கள் பரிந்துரை எது?

சற்றும் தயங்காமல், முறுக்கு. தின்னும் முறுக்கைச் சொல்லவில்லை என்றாலும், அதுவும் தன்னைத்தானே சுற்றிக்கொண்ட இழைதான் என்பதால் உவமைக்கு அதையும் அருகில் வைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள, உட்குழிவில்லாத ரப்பர் கயிறு ஒன்றை மேலே திருகக்கூடிய பிடியில் தொங்கவிட்டு, அடியில் ஓர் எடையைக் கட்டுங்கள். எடையோடு ஒரு கிடைக்குச்சியை இணைத்து, அது இரண்டு செங்குத்துத் தண்டுகளுக்கு இடையே நழுவுமாறு அமைத்தால், எடை மேலும் கீழும் நகரும்; ஆனால் சுழலாது. இப்போது மேல்பிடியை ஒவ்வொரு சுற்றாகத் திருகி, எடையின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் உயரம் அதிகம் மாறாது. குறிப்பிட்ட ஒரு சுற்றில் கயிறு திடீரென வளைந்து ஒரு கண்ணியை உண்டாக்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் எடை ஏறக்குறைய சம அளவில் உயரும். வலப்புறமும் இடப்புறமும் திருகி வரைபடம் வரைந்தால், ஒரு தொப்பியின் வடிவம் கிடைக்கும். 1996இல் பாரிஸ் எக்கோல் நார்மால் சுப்பீரியரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒற்றை டிஎன்ஏ மூலக்கூற்றின் ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறுமுனையைச் சிறு காந்த மணியிலும் ஒட்டி, காந்தத்தைச் சுழற்றி, இதே தொப்பி வடிவத்தைப் பெற்றார்கள். உங்கள் எடையின் இடத்தில் அவர்களுக்குக் காந்தத்தின் இழுப்பு.

சோதித்துப் பார்க்கத்தக்க கணிப்பு ஒன்றும் உண்டு: கண்ணி விழும் சுற்றெண், எடையின் இருமடி மூலத்திற்கு ஏற்ப உயர வேண்டும். அதாவது எடையை நான்கு மடங்காக்கினால் சுற்றெண் இரு மடங்காக வேண்டும். ரப்பர் எடைக்கு நீளும் என்பதால் இது துல்லியமாகப் பொருந்தாது. எவ்வளவு பொருந்தவில்லை, அதில் எவ்வளவு பகுதியை நீட்சி விளக்குகிறது என்பதே நல்ல அறிக்கையின் உள்ளடக்கம்.

இதன் பின்னணிக் கணிதத்தைப் பரிசுப்பொதி கட்டும் நாடாவைக் கொண்டு எவருக்கும் காட்டலாம். நாடாவை முறுக்காமல் ஒரு போத்தலைச் சுற்றி நான்கு தடவை சுற்றி, போத்தலை உருவிவிட்டு, இரண்டு முனைகளையும் இழுங்கள். சுற்றுகள் மறைந்து நாடாவில் நான்கு முறுக்குகள் தோன்றும். முனைகள் சுழலாதவரை முறுக்கும் நெளிவும் ஒன்று மற்றொன்றாக மாறலாம். அவற்றின் கூட்டுத்தொகை மாறாது. வளையமாக மூடிய டிஎன்ஏவுக்கும் இதே விதிதான். பாக்டீரியாவின் டிஎன்ஏ, இயல்பான முறுக்கைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு தளர்த்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அந்தத் தளர்வை உண்டாக்கும் கைரேஸ் என்னும் நொதியை முடக்குவதுதான் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் வேலை. கயிறு திருகும் விளையாட்டு மருந்துக்கடை வரை போகிறது.

எம்ஆர்டி பயணத்தில் பைக்குள் இருக்கும் செவிபேசிக் கம்பி முடிச்சுப் போட்டுக்கொள்கிறதே, அதற்கும் டிஎன்ஏவுக்கும் தொடர்பு உண்டா?

2007இல் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றி, 3,415 தடவை முயன்று, எப்போது முடிச்சு விழுகிறது என்று எண்ணினார்கள். நூல் 46 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முடிச்சு விழவே இல்லை. நீளம் கூடக்கூட நிகழ்தகவு உயர்ந்து, பின் ஏறத்தாழ பாதியில் நின்றுவிட்டது. இதே ஸ்மித்துதான், 2001இல், ஃபை-29 என்னும் வைரஸ் தன் டிஎன்ஏவைத் தலைக்கூட்டுக்குள் திணிக்கும்போது 57 பைக்கோநியூட்டன் வரை விசை கொடுக்கிறது என்று அளந்த குழுவிலும் இருந்தவர். 6.6 மைக்ரோமீட்டர் இழை, 54 நானோமீட்டர் நீளமுள்ள கூட்டுக்குள் போக வேண்டும். முடிச்சு பற்றி அவர் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

பிளாஸ்டிக் பெட்டியும், சில வகை நூல்களும், ஒரு கைப்பேசிக் கேமராவும் போதும். நூலின் விறைப்பை மாற்றுவதே புதிய கேள்விகளுக்கு வழிவகுக்கும். எச்சரிக்கை ஒன்று: 20 முயற்சிகளில் 9 தடவை முடிச்சு விழுந்தால் நிகழ்தகவு 45 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள், அதன் பிழைவீச்சு 11 விழுக்காட்டுப் புள்ளிகள். இதில் எண்ணிக்கைதான் உழைப்பு.

என் பிள்ளைக்குக் கணினி நிரல் எழுதுவதில்தான் ஆர்வம். கணினியால் மட்டும் செய்ய முடியுமா?

முடியும். விறைப்பு நீளத்தின் இரு மடங்கான 100 நானோமீட்டரை ஓர் அடியாகக் கொண்டு, ஒவ்வோர் அடியும் எந்தத் திசையிலும் போகலாம் என்று பைத்தான் மொழியில் நிரல் எழுதினால், அது டிஎன்ஏவின் எளிய மாதிரியாகிவிடும். லாம்டா வைரஸின் 48,502 கார இணைகள் 16.5 மைக்ரோமீட்டர் நீளம். அதாவது 165 அடிகள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை உள்ள தொலைவு சராசரியாக ஓர் அடியின் 13 மடங்கு, ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர் வர வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: இடப்பெயர்ச்சித் திசையன்களின் சராசரி சுழியம்தான், தொலைவின் இருமடிகளைச் சராசரி எடுத்து, பின் மூலம் காண வேண்டும்.

மனிதரின் முதலாம் குரோமோசோமுக்கு இதே கணக்கைப் போட்டால் 90 மைக்ரோமீட்டருக்கு மேல் வருகிறது. உட்கருவோ அதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. மாதிரி தோற்கும் இந்த இடத்தில்தான், டிஎன்ஏவைத் தம்மீது சுற்றிவைத்துச் சுருக்கும் ஹிஸ்டோன் புரதங்களைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கும்.

நிரலோடு கையாலும் செய்ய விரும்புவோர், நூல்துண்டுகளைத் தாளில் போட்டுப் படமெடுத்து, அவற்றின் விறைப்பு நீளத்தைக் கணக்கிடலாம். தாள் இருபரிமாணம் என்பதால் திசை நினைவு தேயும் வேகம் முப்பரிமாணத்தில் உள்ளதில் பாதி. அந்த இரு மடங்கு வேறுபாட்டை மறந்தவர்களின் விடை இரு மடங்காக வரும். தாளில் கிடக்கும் நூலை வெப்பம் அசைப்பதில்லை என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுவது நேர்மை.

மூலக்கூறுகளை மின்புலத்தால் ஜெல் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோஃபோரிசிஸை வீட்டில் செய்ய முடியுமா?

டிஎன்ஏவைக் கொண்டு செய்வதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு விட்டுவிடுங்கள். அகர்-அகர் தூளில் ஜெல் செய்து, உணவு வண்ணங்களை ஓடவிட்டு, அதே இயற்பியலை வீட்டில் பார்க்கலாம். ஐந்து 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 45 வோல்ட்; சுவர் மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மாணவர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி, ஜெல் எதற்கு என்பதுதான். நீளமான டிஎன்ஏவுக்கு மின்னூட்டம் அதிகம், ஆகவே வேகமாக ஓடும் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் நீளத்திற்கு ஏற்ப உராய்வும் கூடுவதால் இரண்டும் ஈடாகி, வெறும் கரைசலில் நீளமானதும் குட்டையானதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். ஜெல்லின் துளைகள் வழியே நெளிந்து நுழைய வேண்டிய கட்டாயம்தான் அவற்றைப் பிரிக்கிறது. மிக நீண்டவை பாம்பைப்போல் நீண்டு நுழையத் தொடங்கியதும் ஜெல்லும் அவற்றைப் பிரிக்கத் தவறுகிறது. மின்புலத்தின் திசையை அடிக்கடி மாற்றி இதனைச் சமாளிக்கும் முறையை 1984இல் ஷ்வார்ட்ஸும் கேன்டரும் வெளியிட்டார்கள்.

இரண்டு இழைகளும் பிரியும் வெப்பநிலையை அளக்க விரும்புகிறோம். என்ன கருவி தேவை?

260 நானோமீட்டர் புறஊதா ஒளியை அளக்கும் நிறமாலைமானி. இழைகள் பிரியும்போது ஒளி உறிஞ்சுதல் 40 விழுக்காடு அளவுக்கு உயரும். சாதாரண பிளாஸ்டிக் குப்பிகளும் கண்ணாடிக் குப்பிகளும் அந்த ஒளியை மறைத்துவிடும். குவார்ட்ஸ் குப்பி வேண்டும். பள்ளியில் இருப்பது கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு மட்டுமான கருவியா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் வேறு தலைப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

போட்டிகளுக்கு அனுப்புவதாக இருந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கல்வி அமைச்சு, ஏ-ஸ்டார், சிங்கப்பூர் அறிவியல் நிலையம் ஆகியவை நடத்தும் சிங்கப்பூர் அறிவியல், பொறியியல் கண்காட்சி போன்றவற்றில், நுண்ணுயிர்களையோ மனித மாதிரிகளையோ பயன்படுத்தும் திட்டங்களுக்கு வேலையைத் தொடங்குமுன்பே ஒப்புதல் தேவைப்படும். கயிறு, சுருள்வில், நிரல் ஆகியவற்றோடு நிற்கும் திட்டங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு என்பதும் அவற்றை நான் விரும்புவதற்கு ஒரு காரணம். உண்மையான ஒற்றை மூலக்கூற்று ஆய்வைப் பார்க்க ஆசைப்படுவோருக்கு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மெக்கனோபயாலஜி நிலையம் இருக்கிறது. ஆசிரியர் வழியாகக் கேட்பதே முறை.

சுவரொட்டியில் டிஎன்ஏ படம் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கைத்திசை. நம் உயிரணுக்களில் பெரும்பாலும் உள்ள டிஎன்ஏ, சாதாரணத் திருகாணியைப்போல் வலஞ்சுழி. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பல இடஞ்சுழியாக இருக்கும், நடுவர்கள் கவனிப்பார்கள்.

வீட்டில் தாத்தா பாட்டியிடம் இதைத் தமிழில் விளக்க முடியவில்லை என்கிறாள் என் மகள். என்ன செய்யலாம்?

புரி என்ற சொல்லிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முப்புரி நூல் என்றால் அவர்களுக்குத் தெரியும். டிஎன்ஏ இருபுரி நூல். சடை பின்னும்போது நுனியை விட்டால் பிரிவதும், இறுக முறுக்கிய கயிறு தானே கண்ணி போட்டுக்கொள்வதும் அவர்கள் கையறிந்த விஷயங்கள். சில சமயம் தாத்தா பாட்டி கேட்கும் கேள்வி நடுவர் கேட்பதைவிடக் கடினமாக இருக்கும். என் மாணவர் ஒருவரிடம் அவருடைய பாட்டி, கயிற்றை முறுக்க ஆள் வேண்டுமே, உயிரணுக்குள் முறுக்குவது யார் என்று கேட்டுவிட்டார்.

எங்கள் வரைபடம் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஆய்வு தோற்றுவிட்டதா?

முறுக்கு ஆய்வைச் செய்த ஒரு மாணவி, ரப்பர் கயிற்றுக்குப் பதிலாகத் தேக்காவில் வாங்கிய பருத்திக் கயிற்றைப் பயன்படுத்தினார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இறுக்கும் திசையில் விரைவில் கண்ணி விழுந்தது. தளர்த்தும் திசையில் புரிகள் பிரிந்து, கண்ணி விழ வெகுநேரம் ஆனது. டிஎன்ஏவும் ஏறத்தாழ அரைப் பைக்கோநியூட்டனுக்கு மேல் இழுக்கப்பட்டால் தளர்த்தும் திசையில் இழை பிரிந்து, அதன் தொப்பியும் சரியும் என்று படித்திருந்ததால், அதையே கண்டுவிட்டதாக எழுத இருந்தார். எடையைக் குறைத்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். டிஎன்ஏவில் இழுவிசை குறைந்தால் தொப்பி சமச்சீராகிவிடும். அவர் மேலும் மூன்று எடைகளில் அளந்தார். எல்லாவற்றிலும் தொப்பி சரிந்தே இருந்தது. பருத்திப் புரிகளைப் பிணைத்துவைக்க டிஎன்ஏவில் உள்ளதைப்போன்ற பிணைப்பு எதுவும் இல்லை. மிகச் சிறிய விசையே அவற்றைப் பிரித்துவிடுகிறது. பிறகு அவர் புரிகளுக்கு இடையே நீர்த்த பசையைத் தடவி உலரவைத்து, மீண்டும் திருகத் தொடங்கினார்.